கரையை வெட்டியது குற்றமா?

கடைமடை: "தெருவைக் காப்பாற்ற வாய்க்கால் கரையை வெட்டினால் சட்டம் பாவம் பார்த்து விட்டுவிடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பாவம் பார்க்க என்ன இருக்கிறது? அது குற்றமே இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 81, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 19: வேறொரு தீங்கைத் தடுக்க, கெட்ட எண்ணமில்லாமல் நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. தீ பரவாமலிருக்க வீட்டை இடிப்பவனைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது.

மூன்று மா: எழுதியது நான்தான். குற்றமில்லை என்றால் ராத்திரி ஒரு மணிக்கு எதற்கு வெட்டினீர்கள்? என் சம்பா ஐந்து நாள் தண்ணீரில் கிடந்தது. பிடித்து இழுத்தால் தூர் கையோடு வந்தது, ஒரே அழுகல் நாற்றம்.

கடைமடை: தண்ணீர் ராத்திரியில்தான் திண்ணை ஏறியது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றோம். விடியட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறீர்களா?

வெண்ணாறு: கொஞ்சம் பொறுங்கள். நியாயம் வேறு, மன்னிப்பு வேறு. புத்தி பேதலித்தவன் அரிவாளோடு வந்தால் அவனுக்குத் தண்டனை இல்லை, ஆனால் செயல் தவறுதான். அதனால் அவனைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய சட்டத்தின் பிரிவு 98 அதைத்தான் சொல்கிறது. கரை வெட்டியது நியாயம் என்றால் கடைமடையின் மம்பட்டியைப் பிடுங்க மூன்று மாவுக்கு உரிமையில்லை. மன்னிப்பு மட்டும்தான் என்றால் உண்டு. நம் சட்டம் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் 'குற்றமாகாது' என்று போட்டுவிட்டது. அதுதான் குழப்பம்.

மூன்று மா: பிடுங்கியிருப்பேன். ராத்திரி என்பதால்தான் முடியவில்லை.

வெண்ணாறு: 1884இல் டட்லி, ஸ்டீபன்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து மாலுமிகள் நடுக்கடலில் பசி தாங்காமல் கப்பல் பையனைக் கொன்று தின்றார்கள். உயிர் பிழைக்க அவசியம் என்ற வாதம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் எடுபடவில்லை. மரண தண்டனை விதித்து, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள்.

கடைமடை: நாங்கள் மனிதனைத் தின்றோமா? வக்கீல் படிப்பை இங்கே காட்டாதீர்கள். நாற்பது வீடு ஒரு பக்கம், உங்கள் மூன்று மா நிலம் ஒரு பக்கம். படகு உதாரணமும் அதே 81இல்தான் இருக்கிறது: இருபது முப்பது பேரைக் காப்பாற்ற, இரண்டு பேர் இருக்கும் படகுப் பக்கம் திருப்பும் கப்பல் தலைவன்.

மூன்று மா: அந்தத் தலைவன் பகலில் திருப்பினானா, ராத்திரியிலா? ஒரு குரல் கொடுத்திருந்தால் நானே வந்து வடிகால் பக்கம் வெட்டக் காட்டியிருப்பேன்.

கடைமடை: குரல் கொடுக்க வேண்டுமா? போன குறுவையில் முறைத் தண்ணீரை மேலே மடை போட்டு அடைத்தபோது எங்களுக்கு யார் குரல் கொடுத்தது? எங்கள் நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்தது.

மூன்று மா: அது பங்காளி அடைத்தது, நானில்லை. ராத்திரிக்குப் பதில் சொல்லுங்கள்.

கடைமடை: பங்காளியோ நீங்களோ, மடையில் கிடந்த சாக்கு உங்கள் வீட்டுச் சாக்கு.