குன்சும் லா வழியாக கீ மடாலயம்: கார்புரேட்டர் 350சிசி, பின்னால் ஒருவர். ஆலோசனை வேண்டும்

சக்கரம்25

வணக்கம் நண்பர்களே. ஜூன் கடைசி வாரம் இமாச்சலத்தில் இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்கு போகலாம்னு திட்டம். மணாலியில் காலை கிளம்பி அடல் சுரங்கம், கோக்சர், கிராம்ஃபு, சத்ரு, படால், குன்சும் லா (மலைக்கணவாய்), லோசர் வழியா அன்னைக்கே காசா. மறுநாள் கீ மடாலயம், அப்புறம் வந்த வழியே திரும்பிடலாம். வண்டி 350 சிசி, கார்புரேட்டர் மாடல், ஸ்போக் வீல், டியூப் டயர். பின்னால் மனைவி, 20 கிலோ லக்கேஜ்.

ஒரே நாளில் காசா போறது சரியா? கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற சின்னத் துளை) மாத்தணுமா? டயர்ல காற்று எவ்வளவு வைக்கணும்? ஓடைகளை எப்படிக் கடக்கிறது?

மலைமேடு

வழியைத் திருப்பிப் போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர். குன்சும் லா 4,550 மீட்டர். ஒரே பகலில் 2,500 மீட்டர் ஏறி, ராத்திரி 3,650 மீட்டரில் இருக்கிற காசாவில் படுக்கப் போறீங்க. உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் அன்னைக்கு ராத்திரிதான் ஆரம்பிக்கும். மறுநாள் கீ போனாலும் (அது 4,166 மீட்டர்) படியேறவே தெம்பு இருக்காது.

சிம்லா பக்கமா உள்ளே போய், குன்சும் வழியா மணாலிக்கு வெளியே வாங்க. நார்கண்டா, கல்பா (2,960), நாக்கோ (சுமார் 3,650), தாபோ (3,280), காசா. நாக்கோவில் ஒரு ராத்திரி ஏறிப் படுத்துட்டு அடுத்த நாள் தாபோவுக்குக் கொஞ்சம் இறங்குறது உடம்புக்கு ரொம்ப நல்லது. தாபோ மடாலயம் கி.பி. 996இல் கட்டினது, மண்சுவர் ஓவியங்களுக்காகவே ஒரு அரை நாள் ஒதுக்குங்க.

டயமாக்ஸ் (உயரத்தில் வர்ற உடல்நலக் கோளாறைத் தடுக்கிற மாத்திரை) போடுறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க. வழக்கமா 125 மி.கி., நாளுக்கு ரெண்டு வேளை, ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிப்பாங்க. சல்ஃபா அலர்ஜி இருக்குறவங்க கட்டாயம் சொல்லணும். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உடனே கீழே இறக்கிடுங்க.

பெட்ரோல்: கின்னௌர் பக்கம் பவாரியில் நிரப்பினா அடுத்த பங்க் காசாதான், சுமார் 200 கி.மீ. காசாவிலிருந்து மணாலியும் கிட்டத்தட்ட அதே தூரம். ரெண்டு பேரும் லக்கேஜுமா கியர் குறைச்சு ஏறும்போது லிட்டருக்கு 25 கி.மீ.க்கு மேல கணக்குப் போடாதீங்க. 5 லிட்டர் கேன் போதும். கேனை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், மேலே காற்றழுத்தம் குறையுறதால உப்பும். மூடியை மெதுவா திறங்க.

வேகம்_குறை

டயர்ல காற்றழுத்தத்தை 10 பிஎஸ்ஐ குறைச்சுடுங்க. உயரத்துல டியூப் வெடிச்சுடும்.

ஸ்பேனர்

10 பிஎஸ்ஐ குறைக்காதீங்க, தயவுசெஞ்சு. சமவெளியில் நிரப்பின டயர் குன்சும் உச்சிக்குப் போனா கேஜில் சுமார் 6 பிஎஸ்ஐ கூடும், அவ்வளவுதான். மணாலி மாதிரி உயரத்தில் சரிபார்த்ததுன்னா 3. அங்கே இருக்கிற குளிர் அதில் பாதிக்கு மேல திரும்ப எடுத்துக்கும். எந்த டியூபும் இதுக்கு வெடிக்காது. ஆனா பின்னால் ஆளும் 20 கிலோவும் வச்சுக்கிட்டு காற்றைக் குறைச்சா, கூர்க்கல்லில் ரிம் மோதி டியூபில் பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு ஓட்டை விழும். பின் டயரை கம்பெனி சொன்ன அளவிலேயே விடுங்க. முன்னாடி மட்டும் சரளையில் 2–3 குறைச்சுக்கலாம்.

ஜெட் மாத்த வேண்டாம். மேலே காற்று மெலிசு, அதனால கலவையில் பெட்ரோல் அதிகமாகும்: கரும்புகை, ஐடிலில் திணறல், பிளக்கில் கரி. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் இழுவை குறையும், குன்சும் உச்சியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போயிடும். சின்ன ஜெட் போட்டா மேலே நல்லா ஓடும். ஆனா சமவெளிக்கு இறங்கினதும் கலவை மெலிஞ்சு இன்ஜின் சூடாகும்.

ஐடில் கலவைத் திருகை மட்டும் தொடுங்க. அது எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாருங்க. ஏர் ஃபில்டர் பக்கமா இருந்தா காற்றுத் திருகு, வெளியே திருகணும். இன்ஜின் பக்கமா இருந்தா பெட்ரோல் திருகு, உள்ளே திருகணும். கால் சுற்று, கால் சுற்றா. ஆரம்ப நிலை எத்தனை சுற்றுன்னு எழுதி வச்சு, இறங்கினதும் பழையபடி வையுங்க. ஏர் ஃபில்டரை தினமும் தட்டிச் சுத்தம் செய்யுங்க, புழுதி அடைச்சாலும் இதே கரும்புகைதான் வரும்.

ஏற்றத்தில் இழுக்கலைன்னு கிளட்சைப் பாதி பிடிச்சு ஓட்டாதீங்க, பிளேட் கருகும். முதல் கியருக்கு வந்துடுங்க. அதுலயும் திணறினா பின்னால் இருக்கிறவங்க இறங்கி நடக்கட்டும்.

கையில்: முன், பின் டியூப் ஒவ்வொண்ணு, டயர் லீவர் 3, பம்ப், பேட்ச், பிளக் 2, ஃபியூஸ், கிளட்ச் லீவர், செயின் லாக், ஆயில் 1 லிட்டர், எம்-சீல் (விரிசல் அடைக்கிற பசை). புது கிளட்ச் கேபிளையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் பையில் வைக்காம, பழைய கேபிள் போற வழியிலேயே அதோட சேர்த்துக் கட்டிடுங்க. அறுந்தா ரெண்டு முனையையும் மாட்டினா முடிஞ்சது, டேங்க் கழட்ட வேண்டாம்.

சக்கரம்25

ரொம்ப நன்றி அண்ணா. சிம்லா வழியே உள்ளே போறோம். ஆனா அப்படி வந்தா படால்–சத்ரு ஓடைகளுக்கு மதியம்தானே வந்து சேருவோம்? அப்போ தண்ணி ஏறியிருக்குமே?

நாலா

சரியான கேள்வி. பனி உருகுற தண்ணி காலை 9 மணிக்கு முன் கணுக்கால், மதியம் 2–3க்கு முழங்கால். அதனால கடைசி ராத்திரியை லோசரில் (சுமார் 4,080 மீட்டர்) தங்குங்க. அதுக்குள்ள உடம்பு பழகியிருக்கும். காசாவில் டேங்க் நிரப்பி, கீ பார்த்துட்டு, கிப்பர், சிச்சம் பாலம் வழியாவே லோசர் சாலையைப் பிடிச்சுடலாம், காசாவுக்குத் திரும்ப வேண்டாம். காலை 5:30க்குக் கிளம்பினா 8 மணி வாக்கில் படால்.

ஓடையில்: நிறுத்தி, பின்னால் இருக்கிறவங்களை இறக்கி, நீங்க ஒருதரம் நடந்து பாருங்க. தண்ணி கலங்கி நுரைச்சு அலையடிக்கிற இடத்தில் பெரிய கல் கிடக்கும்; சிற்றலையா பரந்து ஓடுற இடம்தான் ஆழம் குறைவு. முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர், கிளட்சைத் தொடாதீங்க, பார்வை எதிர்க்கரையில். நடுவில் ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சருக்குள்ள தண்ணி ஏறி வண்டி நின்னுடும்.

வண்டி தண்ணியில் சாய்ந்துட்டா செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணி இருந்தா கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழட்டி, கிக்கரை மிதிச்சுத் தண்ணியை வெளியேத்தி, ஃபில்டரைப் பிழிஞ்சு, கார்புரேட்டர் அடியில் இருக்கிற டிரெயின் திருகைத் திறந்து விடுங்க. ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தா மாத்தாம ஓட்டாதீங்க. நல்லபடியா கடந்துட்டாலும் பிரேக்கை லேசா பிடிச்சபடி ஐம்பது மீட்டர் ஓட்டிக் காய வையுங்க.

கீயில் வண்டி மடாலய வாசல் வரை போகும். ஹாரன் வேண்டாம். ஹெல்மெட், ஷூவை வெளியே வச்சுட்டு, பிரார்த்தனைக் கூடத்தில் படம் எடுக்கலாமான்னு பிக்குகளைக் கேட்டுக்கோங்க. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்க, அந்தச் சரளையில் பாரத்தோட புதைஞ்சு சாய்ஞ்சுடும்.