‘உள்ளூர் எதிரொலி’ வேண்டாம்: முனையப் போன்மியின் அமைப்புகளுக்குச் சில சொற்கள்

வணக்கம்.

முனையப் போன்மி (வேறொரு கணினிக்குக் கட்டளை அடிக்க உதவும் ‘டெர்மினல் எமுலேட்டர்’ நிரல்) ஒன்றைத் தமிழாக்கும் நம் சொற்பட்டியலின் வரைவில், ‘லோக்கல் எக்கோ’ என்பதற்கு ‘உள்ளூர் எதிரொலி’ என்ற சொல் இருக்கிறது. அடித்த எழுத்தைப் பயனரின் கணினியே திரையில் காட்டும் அமைப்பு அது. அதை மாற்றிவிடலாம் என்பது என் வேண்டுகோள். ‘உள்ளூர்’ என்றதும் ஊர்தான் நினைவுக்கு வரும். எந்தக் கணினி என்பது விளங்காது. முனையச் சிக்கல் எதை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கோளாறு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அமைப்பின் பெயரே அதைச் சொல்லிவிட்டால் பயனர் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

நான் முன்வைப்பது ‘இம்முனை எதிரொலி’, ‘மறுமுனை எதிரொலி’. இம்முனை என்றால் பயனரின் கணினி, மறுமுனை என்றால் அது இணைந்திருக்கும் கணினி. தொலைபேசிப் பேச்சில் ‘மறுமுனை’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

பொருத்திப் பாருங்கள். ஒருவர் எழுத்து ஒன்றை ஒருமுறை அடிக்கிறார். திரையில் அது இரண்டாக விழுகிறது. மறுமுனை வழக்கம்போல எழுத்தைத் திருப்பி அனுப்புகிறது; இம்முனையும் தன் பங்குக்கு வரைந்துவிடுகிறது. புட்டி என்ற போன்மியில் ‘டெர்மினல்’ பகுதிக்குப் போய் இம்முனை எதிரொலியை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதே அமைப்பைக் கட்டாயமாக இயக்கி வைத்தால் இன்னொரு கேடும் உண்டு. கடவுச்சொல் கேட்கும் நிரல், மறுமுனை எதிரொலியைத்தான் நிறுத்தும். இம்முனை வரைவதை அதனால் தடுக்க முடியாது. டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறையில் மறுமுனைக்குள் உள்நுழையும்போது கடவுச்சொல் அப்படியே திரையில் தெரியும். நேர்மாறாக, சீரியல் கம்பியில் இணைத்த சில கருவிகள் எதையுமே திருப்பி அனுப்பாது. அங்கே அடிப்பது தெரிய வேண்டுமென்றால் இம்முனை எதிரொலியை இயக்கித்தான் ஆக வேண்டும். யார் எதிரொலிப்பது என்ற இந்தப் பேரத்துக்கென்றே டெல்நெட்டில் ஒரு நெறி உண்டு, 1983இல் வந்த ஆர்எஃப்சி 857 என்ற இணைய ஆவணம்: ‘நான் எதிரொலிக்கிறேன்’ என்று மறுமுனையில் உள்ள வழங்கி (சர்வர்) சொன்னதும் பயனர் பக்கம் தன்னுடையதை நிறுத்திக்கொள்ளும். ‘ஆட்டோ’ இருந்தால் போதும் என்று சொல்வது இதை நம்பித்தான்.

அடுத்தது ‘டெர்மினல் டைப்’. ‘முனைய வகை’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் குழப்பும். அந்த அமைப்பு குறிக்கும் ‘டெர்ம்’ மாறியின் மதிப்பை மாற்றுவதால் போன்மி மாறிவிடாது. ‘நான் இன்ன முனையம்’ என்று மறுமுனை நிரல்களுக்குச் சொல்லும் தகவல் மட்டுமே அது. நிரல்கள் அந்தப் பெயரை முனையங்களின் இயல்புகளைப் பட்டியலிடும் டெர்மின்ஃபோ தரவில் தேடி, அங்குள்ள விடுபடு தொடர்களை (நிறம், சுட்டி நகர்வு போன்றவற்றுக்கான குறித்தொடர்களை) அனுப்புகின்றன. எனவே ‘முனைய அறிவிப்பு’ என்பேன். அறிவிப்பு என்றால் அது பொய்யாகவும் இருக்கலாம் என்பது உடனே புரியும். ஒரே முனையத்தைப் பலவாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் நிரலுக்குள் இருந்துகொண்டு, தொடக்கக் கோப்பில் ‘எக்ஸ்டெர்ம்-256கலர்’ என்று வலிந்து எழுதி வைப்பவர்களுக்குத் திரை சிதைவது இதனால்தான். அங்கே நிரலோடு பேசுவது டிமக்ஸ். அறிவிப்பு ‘ஸ்க்ரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ வகையாக இருக்க வேண்டும். அந்த வரியை நீக்கிவிட்டு எத்தனை நிறம் என்று காட்டும் ‘டிபுட் கலர்ஸ்’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். 8 என்று வந்தால் அறிவிப்பு குறைத்துச் சொல்கிறது, 256 என்றால் சரி. ‘அறியாத முனையம்’ என்று மறுமுனை மறுத்தால் அதனிடம் அந்தப் பெயருக்கான பதிவே இல்லை என்று பொருள். இம்முனையில் ‘இன்ஃபோகம்ப்’ கட்டளை தரும் முனைய விளக்கத்தை எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே அனுப்பி, அங்கே டெர்மின்ஃபோவில் பதியும் ‘டிக்’ கட்டளையிடம் கொடுத்தால் பதிந்துவிடும். நிர்வாகி உரிமை இல்லாவிட்டாலும் பயனரின் சொந்தக் கோப்புறையில் பதிந்துகொள்ளும்.

‘எமுலேட்டர்’ பற்றி நீட்ட விரும்பவில்லை. ‘முனையப் பாவனை’யை நம்மில் சிலர் பரிந்துரைத்தார்கள்; ஈழத்தில் ‘பாவனை’ என்றால் பயன்பாடு, ‘பாவனையாளர்’ என்றால் பயனர். ‘போலி’யில் கள்ளத்தனத்தின் வாடை இருக்கிறது. ‘போன்மி’யே இருக்கட்டும்.

*

வணக்கம் ஐயா.

‘முனைய அறிவிப்பு’க்கு என் முழு ஆதரவு. ‘இம்முனை’, ‘மறுமுனை’ இரண்டும் நன்று, ஆனால் போதாது. மறுமுனை என்பது ஒரே இடமல்ல. நிரல் ஓர் இடம். அதற்கும் கம்பிக்கும் நடுவே இயங்குதளக் கருவில் உட்கார்ந்திருக்கும் ‘லைன் டிசிப்ளின்’ இன்னோர் இடம்; அடிக்கும் எழுத்துகளை நிரலுக்குத் தருமுன் கையாளும் அடுக்கு அது. முனைய அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எஸ்டிடிஒய் கட்டளை தொடுவது இந்த இரண்டாவதைத்தான். இதற்கு வரைவில் சொல்லே இல்லை. ‘வரிநெறி’ எனலாமா?

இது தனிப் பெயர் பெற்றாக வேண்டும் என்பதற்கு ஒரு காட்டு. திரை முழுவதையும் ஆளும் நிரல் ஒன்று பாதியில் செத்துவிடுகிறது. அதன்பின் என்ன அடித்தாலும் திரையில் தெரிவதில்லை, கட்டளை மட்டும் வேலை செய்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தவர் உடனே இம்முனை எதிரொலியை இயக்கிவிடுவார். அது மருந்தல்ல, அடுத்த இணைப்பில் எல்லாம் இரட்டையாக விழும். இறந்த நிரல் வரிநெறியில் எதிரொலியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று அமைப்புகளை வழக்கமான நிலைக்குத் திருப்பும் ‘எஸ்டிடிஒய் சேன்’ கட்டளையை அடிக்க வேண்டும். என்டர் விசை எடுபடாவிட்டால் கண்ட்ரோல்-ஜே. என்டர் அனுப்புவது 13 என்ற குறியெண். அதை வரி முடிவைக் குறிக்கும் 10 ஆக மாற்றித் தரும் வேலையும் வரிநெறியுடையது, அதுவும் அணைந்திருக்கலாம். கண்ட்ரோல்-ஜே நேரடியாக 10ஐ அனுப்பும். பிறகு ‘ரீசெட்’ கொடுத்தால் திரையும் சீராகும்.

பின்நகர் (பேக்ஸ்பேஸ்) விசையும் இதே கதைதான். அழுத்தினால் ‘^எச்’ என்று திரையில் வருகிறதென்றால் போன்மி 8ஐ அனுப்புகிறது, வரிநெறி 127ஐ எதிர்பார்க்கிறது. ‘எஸ்டிடிஒய் -ஏ’ தரும் பட்டியலில் ‘இரேஸ்’ என்பதற்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, போன்மியை அதற்கு ஏற்ப மாற்றுவது நல்லது. புட்டியில் ‘கீபோர்டு’ பகுதியில் இரண்டு தெரிவுகளும் உண்டு.

கண்ட்ரோல்-எஸ் தவறிப்போய் அழுந்தித் திரை உறைந்து நிற்பதும் வரிநெறியின் வேலையே. கண்ட்ரோல்-க்யூ விடுவிக்கும்.

இன்னொன்று. ‘இம்முனை’ என்பதை அமைப்புப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்வோம். வழங்கி நிரலின் ஆவணத்தில் ‘லோக்கல்’ என்றால் அது வழங்கி. அங்கேயும் ‘இம்முனை’ என்று எழுதினால் படிப்பவர் தன் கணினியை நினைத்துக்கொள்வார். ஆவணங்களில் ‘பயனர் முனை’, ‘வழங்கி முனை’ என்று விரித்து எழுதுவதே தெளிவு.

*

வரிநெறி மிகப் பொருத்தம், ஏற்கிறேன். ஆவணங்களுக்குப் ‘பயனர் முனை’ என்பதையும்.

அப்படியானால் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுவோம். முனையத் திரை கட்டங்களால் ஆனது. ஓர் எழுத்து எத்தனை கட்டம் பிடிக்கும் என்று போன்மி ஒரு கணக்கு வைத்திருக்கிறது, மறுமுனை நிரல் இன்னொன்று. வரைவில் உள்ள ‘எழுத்தகலம்’ எழுத்துருவின் அகலத்தோடு மோதுகிறது. ‘கட்டக் கணக்கு’ என்று வைக்கலாம்.

சோதிப்பது எளிது. ஒரு வரியில் ‘கி|’, அடுத்த வரியில் ‘கீ|’ என்று அச்சிட்டுப் பாருங்கள். யூனிகோடில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள். இகரக் குறியும் காலும் இடம் பிடிக்கும் குறிகள். குறிகளைத் தனித்தனியே எண்ணும் பழைய அட்டவணையைப் பின்பற்றும் போன்மி ‘கீ’க்கு ஒரு கட்டமும் ‘கி’க்கு இரண்டு கட்டமும் தரும், கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காது. குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாக எண்ணும் புதிய போன்மிகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே கணக்கு. இரு பக்கமும் ஒரே கணக்கில் இருந்தால் சிக்கலில்லை. போன்மி புதியதாகவும் மறுமுனையின் நிரல் நூலகம் பழையதாகவும் இருந்தால்தான் சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும், பின்நகர் விசை அடுத்த எழுத்தைத் தின்னும். எழுத்துருவை மாற்றியோ குறியாக்கத்தை மாற்றியோ இது தீராது. புதிய போன்மிகள் சிலவற்றில் எண்ணும் முறையைத் தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மறுமுனையின் பழைய கணக்குக்கு இறக்கி வைப்பதுதான் இப்போதைக்கு வழி.

அந்த அமைப்பின் இரண்டு தெரிவுகளுக்குக் ‘குறிவாரிக் கணக்கு’, ‘எழுத்துவாரிக் கணக்கு’ என்று எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.