ஒன்பது பேருக்கும் 96.3 சதவீதத்தில் நிற்கிறது. டொரண்ட்டை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
பதினோரு வருஷமாக நானே பதிவுசெய்த பறவைக் குரல்கள், மொத்தம் 40 ஜிபி. நேற்றுக் காலை எட்டரைக்கு டொரண்ட்டாக, அதாவது துண்டு துண்டாக அனுப்ப, வாங்குபவர்கள் கிடைத்த துண்டுகளைத் தங்களுக்குள்ளும் பரிமாறிக்கொள்ளும் முறையில், பகிரத் தொடங்கினேன். அப்லோட் 10 எம்பிபிஎஸ். இரவு பதினொன்றுக்கு லேப்டாப்பை அணைத்தபோது 65 ஜிபி போயிருந்தது. ஆனாலும் ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட முழுசாகச் சேரவில்லை. அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை. வகுப்பில் போட்டுக்காட்ட ஆந்தைக் குரல்களைக் கேட்டிருந்தார், அந்த ஃபோல்டர்தான் பாதியில் நிற்கிறது. ஒன்பது மணிக்கு லேப்டாப்போடு ஊருக்குக் கிளம்புகிறேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஏதாவது செய்ய முடியுமா? டொரண்ட் மென்பொருளாக க்யூபிட்டொரண்ட்தான் வைத்திருக்கிறேன்.

பதில் 1:
முடியும். ஒன்பது பேரிடமும் இருப்பதை ஒன்றாகச் சேர்த்தாலும் 38.5 ஜிபிதான் தேறும். மீதி ஒன்றரை ஜிபி உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அதாவது நேற்று 26 ஜிபிக்கு மேல் ஒரே துண்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறீர்கள்! ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் போயிருந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கே வேலை முடிந்திருக்கும்.

டொரண்ட் மேல் ரைட் கிளிக் செய்து சூப்பர் சீடிங்கைப் போடுங்கள். ஒருவருக்கு ஒரு துண்டை மட்டும் காட்டும். அது இன்னொருவர் கைக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அடுத்ததைக் காட்டும். ஒன்றரை ஜிபிக்கு இருபது நிமிஷம் போதும், கொஞ்சம் கூடலாம்.

பதில் 2:
அப்லோட் ஸ்லாட்டையும், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்புவது என்ற எண்ணிக்கையையும், பாருங்கள். 10 எம்பிபிஎஸ்ஸை நாற்பதாகப் பிரித்தால் யாருக்கும் ஒரு துண்டு சீக்கிரம் முழுசாகாது, முழுசாகாததை அவர் அடுத்தவருக்குத் தரவும் முடியாது. நான்கைந்து போதும். ஒருவர் முடித்ததும் சூப்பர் சீடிங்கை எடுத்துவிடுங்கள். அது முதல் பிரதிக்கு மட்டும்தான், அப்புறம் வேகத்தைக் கெடுக்கும்.

பதில் 3:
முடித்தவர்களில் இரண்டு பேரிடமாவது ஒரு வாரம் மூடாமல் வைக்கச் சொல்லுங்கள். 2000-இல் க்னூட்டெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பை ஆராய்ந்தபோது, எழுபது சதவீதத்துக்கு நெருக்கமானவர்கள் எதையுமே பகிரவில்லை என்று தெரிந்தது. டொரண்ட்டுகள் இயங்கும் பிட்டொரண்ட் முறையில் கொடுத்தால்தான் வேகமாக வாங்க முடியும், ஆனால் அந்தக் கட்டாயம் இறக்கி முடியும்வரைதான். அதற்குப் பிறகு நாம் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

கேட்டவர்:
மிக்க நன்றி. 8:41-க்கு முதல் ஆள் முடித்தார், கிளம்புவதற்குள் ஆறு பேர். ஆசிரியைக்கும் வந்துவிட்டது, பள்ளிக் கணினியில் திறந்தே வைக்கிறேன் என்றார். இன்னொருவரையும் கேட்டிருக்கிறேன்.