தனுஷ்கோடிக்கு ரோடு போட்டது நல்லதா?

வைகைக்கரையான்: போன வாரம் தனுஷ்கோடி போய்வந்தேன். 2017க்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அப்புறம் மணலிலும் தண்ணீரிலும் வேன் ஆடி ஆடிப் போகும். இப்போது நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை கார். இடிந்த தேவாலயத்தில் செல்பிக்குக் கூட்டம். கிட்டே போய்ப் பார்த்தேன்: பவளக்கல்லில் மூளை மடிப்பு மாதிரி வரிகள், குறுக்கே சாவியால் கீறிய ஒரு இதயம், கீழே இரண்டு பெயர். விரல் பட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. வண்டிகளைச் சத்திரத்திலேயே நிறுத்த வேண்டும்.

பாம்பன்காற்று: அண்ணே, ஆடி ஆடிப் போனது உங்களுக்கு ஜாலி. பிரசவ வலி வந்த பொண்ணும் அதே மணலில்தான் போனாள். ரோடு வந்த பிறகுதான் என் சித்தி மீன் பொரித்து விற்கிற கடை போட்டார்.

வைகைக்கரையான்: ஊர்க்காரர் வண்டியை யார் தடுத்தது தம்பி? சுற்றுலா வண்டியைத்தான் சொல்கிறேன்.

பாம்பன்காற்று: அது வராவிட்டால் சித்தி மீனை யாருக்கு விற்பார், கடற்காக்கைக்கா?

பழையஏடு: இடையில் ஒன்று. புராதன இடிபாடு என்று எழுதுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் என்ற ரயில் வந்து நின்ற ஊர் இது. இறங்கிக் கப்பலேறினால் இலங்கையின் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பயணிகள் ரயிலே கடலோடு போனது. நிஜமாகவே பழசு வேண்டுமென்றால் வைகை முகத்துவாரத்தில் அழகன்குளம், ரோமானியக் காசு கிடைத்த துறைமுகம். ஆனால் தரைக்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்காது.

பாம்பன்காற்று: பழசோ புதுசோ சார், எங்கள் தாத்தா அந்த ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். சுவரில் ஏறி நிற்கிறவனைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். அதற்குச் சுவரைச் சுற்றிக் கயிறு கட்டு, ஒரு ஆளை நிறுத்து. ரோட்டை ஏன் மூட வேண்டும்?

கோவைசரவெடி: சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். பிள்ளைகளோடு வருகிறோம், தண்ணீர் தெளிவாக இருக்குமா?

பாம்பன்காற்று: காற்றைப் பொறுத்தது அக்கா. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம், நாங்கள் ஆண் கடல் என்போம், கலங்கிக் குமுறும். அப்போது பாக் நீரிணைப் பக்கம், பெண் கடல், குளம் மாதிரி கிடக்கும். கால் நகம்கூடத் தெரியும். வாடைக்காற்று வந்தால் தலைகீழ். அரிச்சல்முனையில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள், இழுத்துவிடும். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

வைகைக்கரையான்: வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசே அறிவித்த ஊர். அங்கே கார் நிறுத்த இடம் இருக்கிறது, சுவருக்கு ஒரு காவல் இல்லை. கயிறு கட்டினாலும் மறுநாளே அதில் துணி காயும், பார்.

பாம்பன்காற்று: காயும் அண்ணே. அது பெரும்பாலும் எங்கள் சித்தி சேலையாகத்தான் இருக்கும்.