தோப்பில் மோட்டார், வால்வு, மண் ஈரம்: மூன்றையும் போனிலேயே பார்க்க முடியுமா?

உடுமலைத் தோப்பு:
வணக்கம். உடுமலை பக்கம் 4 ஏக்கர் தென்னை, 280 மரம், முழுக்க சொட்டு நீர். போரில் 7.5 எச்பி சப்மெர்சிபிள். தோப்பை மூன்று பிளாக்காகப் பிரித்து, கேட் வால்வைத் திருப்பித் திருப்பித்தான் பாய்ச்சுகிறோம். எனக்குக் கோவையில் வேலை. த்ரீ ஃபேஸ் நடு ராத்திரியில் வந்தால் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார், முழங்கால் வலியோடு, சொன்னாலும் கேட்பதில்லை. மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் போடும் பெட்டி பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறது, ஆனால் வால்வு மாற்ற யாராவது போய்த்தானே ஆக வேண்டும்? ஒரு கடையில் வால்வு, மண் ஈர சென்சார், ஆப் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை சொல்கிறார்கள். சென்சார் பார்த்து அதுவே மோட்டாரைப் போட்டு நிறுத்துமாம். நம்பி இறங்கலாமா? தோப்புக்குள் டவர் சுத்தமாகக் கிடையாது, மோட்டார் ரூம் பக்கம் மட்டும் ஓரளவு எடுக்கும்.

ஸ்டார்ட்டர் மெக்கானிக்:
முதலில் மோட்டாரைக் காப்பாற்றுங்க, மற்றது அப்புறம். மொபைல் ஸ்டார்ட்டர், அதாவது நீங்க சொன்ன மிஸ்டு கால் பெட்டி, வாங்கும்போது ஒரு ஃபேஸ் போனால் கட் ஆகிறதா, தண்ணி இறங்கினால் ஆம்ப்ஸ் குறைவதைப் பார்த்து நிறுத்துகிறதா, இந்த இரண்டையும் கடையில் வைத்தே செய்து காட்டச் சொல்லுங்க. டூ ஃபேஸில் கண்டென்சர் போட்டு ஓட்டும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் முன்னாடியே சொல்லிவிடுங்க, செட்டிங் வேறு. சிம் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பழைய பெட்டிகள் 2ஜி மட்டும்தான், அதில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. இப்போது வாங்குவதாக இருந்தால் 4ஜி பெட்டியாகவே வாங்குங்க. ரீசார்ஜ் தேதியைக் கோவையில் இருக்கிற நீங்களே பார்த்துக்கொள்ளுங்க, பிளான் முடிந்தால் உங்க போனும் போகாது, பெட்டியிலிருந்து தகவலும் வராது. பதிவு செய்த நம்பருக்கு மட்டும் மோட்டார் ஓடும்படி பூட்டி வையுங்க, இல்லையென்றால் லோன் வேண்டுமா என்று கூப்பிடுகிறவன் உங்க மோட்டாரைப் போட்டுவிடுவான்.

பல்லடம் டிரிப்:
அண்ணா சொன்னது சரி. ஆனால் ஒன்று சேர்க்கிறேன், 'மோட்டார் ஓடுகிறது' என்று போன் சொல்வதை வைத்து தண்ணி மரத்துக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். பிளாக்குக்குத் தண்ணி கொண்டுபோகும் சப்மெயின் பைப் உடைந்து தண்ணி வாய்க்காலில் ஓடினாலும் மோட்டாருக்கு அது தெரியாது. ஃபில்டருக்கு அடுத்து ஒரு பிரஷர் சென்சாரும் வாட்டர் மீட்டரும் போடுங்கள். பிரஷர் வழக்கத்துக்குக் கீழே போனால் எங்கோ பைப் போயிருக்கிறது. பிரஷர் ஏறி மீட்டர் மெதுவாகச் சுற்றினால் டிரிப்பர் (சொட்டு விடும் முனை) அடைத்திருக்கிறது.

வால்வுக்கு, ஒயர் இழுக்க வேண்டாம் என்றால் லாட்சிங் சொலினாய்டு (கரன்ட்டில் திறந்து மூடும் வால்வில் ஒரு வகை) கேளுங்கள். திறக்க ஒரு துடிப்பு, மூட ஒரு துடிப்பு, இடையில் கரன்ட்டே தேவையில்லை, அதனால் பேட்டரியில் பல மாதம் ஓடும். 24 வோல்ட் ஏசி சொலினாய்டு திறந்திருக்கும் நேரம் முழுக்க கரன்ட் கேட்கும். இரண்டிலுமே உள்ளே உள்ள சின்னத் துளையில் மணல் மாட்டினால் வால்வு மூடாது, ஆகவே ஃபில்டரில் கஞ்சம் பண்ணாதீர்கள். இன்னொன்று, அடுத்த பிளாக் திறந்த பிறகுதான் முந்தைய பிளாக் மூட வேண்டும். ஒரு நிமிடம் எல்லாமே மூடியிருந்தாலும் சப்மெர்சிபிள் தள்ளும் தள்ளில் பிவிசி பிளந்துவிடும். விற்கிறவரிடம் இந்த வரிசையைக் கேளுங்கள், முழித்தால் வேறு கடை பாருங்கள்.

டவர் இல்லாதது பிரச்சினையே இல்லை. மோட்டார் ரூமில் சிம் போட்ட ஒரு பெட்டி, அங்கிருந்து வால்வுகளுக்கு லோரா, அதாவது டவர் இல்லாமலே தூரம் போகும் ரேடியோ சிக்னல். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், 4 ஏக்கரெல்லாம் அதற்குப் பெரிய தூரமே கிடையாது. ஆன்டெனாவை ரூமுக்குள் வைக்காமல் கூரைக்கு மேலே பைப்பில் ஏற்றுங்கள். வைஃபை வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம், ஈர ஓலைக்குள் அது நுழையாது.

உடுமலைத் தோப்பு:
நன்றிங்க. அப்போ மண் சென்சார் தேவையே இல்லையா?

களர்நிலம்:
தென்னைக்கு அவசரமில்லை என்பேன். வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி நம் மேற்கு மாவட்டத்தில் பிப்ரவரி முதல் மே வரை சொட்டு நீரில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர். மரத்துக்கு நான்கு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் என்றால் பிளாக்குக்கு இரண்டு மணி நேரம், மூன்று பிளாக்குக்கு ஆறு. அதை டைமரில் போட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. சென்சார் உதவுவது மழைக்குப் பிறகுதான், தண்ணி அடி வரை இறங்கியதா இல்லை மேலே நனைத்துவிட்டுப் போனதா என்று தெரியும்.

வைப்பதானால் பிளாக்குக்கு ஒரு சராசரி மரம் பார்த்து, டிரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு அடியில் ஒன்று, இரண்டு அடியில் ஒன்று. இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு வகை சீக்கிரம் அரித்துப் போகும், கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள், அதிலும் ஓரம் முழுக்க சீல் பண்ணியதா பாருங்கள். டிரிப்பில் உரம் விட்ட அன்று உப்பால் அளவு கூடக் காட்டும். நன்றாக நனைத்து ஒரு நாள் விட்டு என்ன எண் காட்டுகிறதோ அதுதான் உங்கள் மண்ணுக்கு நிறைவு, ஆப்பில் வரும் சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். அதைப் பார்த்து மோட்டாரைத் தானாகப் போட விடாதீர்கள், ஒயரை அணில் கடித்தால் காய்ந்த மண் என்று நினைத்து ராத்திரி முழுக்க ஓடும். எந்தப் பெட்டி வைத்தாலும் அதிகபட்ச ஓட்ட நேரம் என்று ஒரு எல்லை போட்டே ஆக வேண்டும்.

ஸ்டார்ட்டர் மெக்கானிக்:
மொபைல் ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, சிறு குறு விவசாயி என்றால் பாதி விலை வரை, அதற்கு ஒரு உச்ச வரம்பும் இருக்கும். வாங்குவதற்கு முன்னாடியே உதவி செயற்பொறியாளர் ஆபீசில் போய்க் கேளுங்க. அப்புறம், பெட்டியில் மேனுவல் சுவிட்ச் கண்டிப்பாக இருக்கட்டும், அப்பா கைக்கு எட்டும் உயரத்தில்.