லைன் போரிங்: 'ஓரச்சுக் கடைசல்' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லைன் போரிங் என்ற பட்டறை வேலைக்குத் தமிழில் 'நேர்கோட்டுத் துளையிடல்' என்று சொல்லலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். அதில் இரண்டு இடங்கள் எனக்கு உறுத்துகின்றன. ஏன் என்று சொல்ல, என் வீட்டுப் பட்டறையில் கிடக்கும் ஒரு பக்கெட்டைத்தான் காட்ட வேண்டும்.

பழைய இரும்பாக எடைக்கு வாங்கிய, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் வண்டியின் பக்கெட் அது. என் சிறிய வண்டியின் கையில் மாட்டுவதற்காகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பக்கெட்டைக் கையோடு பிணைக்கும் உருளை ஆணிக்குப் 'பின்' (pin) என்று பெயர். அது நுழையும் தடித்த தகடுகளைக் காது என்போம். ஊசிக்கு இருப்பதைப் போலத்தான். அந்தக் காதின் துளை 50 மி.மீ. வட்டமாக இருந்திருக்க வேண்டும். இப்போது குறுக்கே அளந்தால் 51, சுமை இழுக்கும் திசையில் அளந்தால் 54. முட்டை வடிவம். பின்னைப் போட்டு ஆட்டினால் டக் டக் என்று அடிக்கிறது.

இதற்கு வேலை என்ன? துளையின் உள்சுவரை வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டும். ஈரம் படாமல் வைத்த 7018 ரக வெல்டிங் ராடுதான் நல்லது. நமத்துப்போன ராடு ஹைட்ரஜனை உள்ளே விடும், ஆறிய பிறகு விரிசல் வரும். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இரண்டு காதுகளையும் இழுக்கும் என்பதால் நடுவே ஒரு குழாயை முட்டுக்கொடுத்துப் பற்றவைத்தேன். அப்புறம்தான் லைன் போரிங். இரண்டு காதுகளுக்கும் ஊடாக நீண்ட தண்டு ஒன்று போகும். வெளியே இருபுறமும் பேரிங் அதைத் தாங்கும். தண்டில் செருகிய ஒற்றை வெட்டுமுனை சுழன்று, மெல்லிய சுருளாக இரும்பைச் சீவிக்கொண்டே நகரும். முதல் காது முடிந்ததும் தண்டை அசைக்காமல் அடுத்த காதுக்குப் போக வேண்டும். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. காதுகளைத் தனித்தனியாகக் கடைந்து, அரை மில்லி விலகினாலும் பின் நுழையாது. சம்மட்டியால் அடித்து நுழைத்தால் ஓரத்தில் மட்டும் உரசி, பின்னைச் சுற்றி இருக்கும் உலோகக் குழலான புஷ்ஷைத் தின்றுவிடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இங்கே 'லைன்' என்பது கோடு அல்ல, அச்சு. இரண்டு துளைகளும் ஒரே அச்சில் இருக்கின்றன என்பதுதான் பொருள். நேர்கோட்டில் வரிசையாகப் போட்ட பத்துத் துளைகளையும் 'நேர்கோட்டுத் துளையிடல்' என்று சொல்லலாமே! ஓரச்சு என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது 'துளையிடல்'. டிரில்லிங் அதுதான், இல்லாத இடத்தில் துளை போடுவது. போரிங் ஏற்கெனவே இருக்கும் துளையை அளவுக்குக் கொண்டுவருவது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், படிக்கிற மாணவன் தவறான கருவியைத் தேடுவான். 'குடைதல்' என்று ஒருவர் சொன்னது நல்ல தமிழ்தான். ஆனால் வண்டு மரத்தைக் குடைகிறது. அதில் அளவு இல்லை. தவிர, காதையும் குடைதலையும் சேர்த்துச் சொன்னால் வேறு நினைவு வந்துவிடும்.

கடைசல் என்ற சொல் லேத் வேலைக்கு ஏற்கெனவே வேரூன்றி இருக்கிறது. 'லேத்தில் சுழல்வது வேலைப்பொருள், இங்கே சுழல்வது வெட்டுமுனை, கடைசல் பொருந்துமா?' என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தயிர் கடைவதை நினைத்துப் பாருங்கள். பானை நிற்கிறது, மத்துதான் சுழல்கிறது. நம் பக்கெட்டும் அப்படியே நிற்கிறது, தண்டு சுழல்கிறது. கடைதலுக்கு இந்தப் பொருள் முதலிலிருந்தே இருக்கிறது.

ஆகவே போரிங் உட்கடைசல், லைன் போரிங் ஓரச்சுக் கடைசல். வெட்டுமுனையைத் தாங்கும் அந்த நீண்ட தண்டுக்கு, அதாவது போரிங் பாருக்கு, கடைதண்டு என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் நடுவே ஒற்று மிகாது. புஷ்ஷை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம், பட்டறையில் எல்லார் வாயிலும் அதுதான் வருகிறது.

பின்னுக்கு மட்டும் இன்னும் தெளிவு வரவில்லை. கடையாணி என்றால் சக்கரம் கழலாமல் தடுப்பது என்று எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே இழுத்துவந்தால் கடைசலோடும் குழம்பும். மூட்டில் நிற்கும் ஆணி என்பதால் 'மூட்டாணி' என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.