சர்க்கரை நோயும் மனச்சோர்வும்: கூட்டாய்வுக்கு நிதி எங்கே கிடைக்கும்? அவசர உதவி தேவை

ஊத்துக்குளி_செவிலி (திங்கள், இரவு 10.50)

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் மனச்சோர்வு குறித்த ஒரு கூட்டாய்வுக்கு நிதி தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடங்களில் விண்ணப்பத்தைத் தொடங்கினேன். மூன்றிலும் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. குழு தயாராக இருக்கிறது, களம் தயாராக இருக்கிறது, முன்னோட்ட ஆய்வும் முடிந்துவிட்டது. நாள் மிகக் குறைவாக இருப்பதால், எங்கே விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் உடனே சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பவானிக்கரை (திங்கள், இரவு 11.15)

சகோதரி, இரண்டாம் பக்கத்தில் எந்தக் கேள்வி உங்களை நிறுத்தியது? நீங்கள் அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா, அறக்கட்டளையா? எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டுகள்? மேலும், ‘கூட்டு’ என்று நீங்கள் சொல்வது பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வையா, அல்லது மருத்துவர், செவிலியர், மனநல மருத்துவர் மூவரும் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கும் கூட்டுச் சிகிச்சை முறையையா? விண்ணப்பத்தில் இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் வரும்.

திருப்பூர்_கணக்கர் (திங்கள், இரவு 11.40)

அரசு நிதிக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? கோவையிலும் திருப்பூரிலும் இருக்கும் ஆலைகளையும் ஏற்றுமதி நிறுவனங்களையும் கேளுங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், முதல் இனத்திலேயே மருத்துவ நலம் இருக்கிறது. நிதியாண்டு முடியும் முன்பு எந்த ஆலை அலுவலகத்துக்குப் போனாலும், நல்ல திட்டம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

பேரூர்_பேராசிரியர் (செவ்வாய், காலை 6.20)

ஒவ்வொரு மாதமும் இதே கேள்வியை யாராவது ஒருவர் கேட்கிறார். நிதிக்கான அழைப்பு அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் பொறுமை இல்லாதவர் இரண்டு ஆண்டு ஆய்வை எப்படி நடத்துவார் என்பதை இளைஞர்கள் யோசிக்க வேண்டும். மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாதி விண்ணப்பங்கள் அறிவியல் குறையால் விழுவதில்லை, தகுதிப் பக்கத்தில் விழுகின்றன. முன்னோட்டம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றீர்களா? அந்தக் குழு, 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா? முதலில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

ஊத்துக்குளி_செவிலி (செவ்வாய், பிற்பகல் 1.30)

பொறுத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் எழுதிவிட்டேன். நான் ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் மனநலச் செவிலியம் கற்பிக்கிறேன். குழுவில் அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை மருத்துவர் ஒருவரும், பல்லடம் பக்கம் ஆலோசனைப் பணி செய்யும் ஓர் அறக்கட்டளையும், இங்கிலாந்திலிருந்து ஒரு பேராசிரியரும் இருக்கிறார்கள். தேவைப்படும் தொகை இரண்டு ஆண்டுகளுக்கு 42 லட்சம். முன்னோட்டத்துக்கு எங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது. அக்குழு பதிவு பெற்றதுதான்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், மாத்திரையோடு, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளையும் கேட்டு, மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் பெறுபவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் என்ன மாற்றம் வருகிறது என்பதே ஆய்வு. ஆகவே பவானிக்கரை அவர்கள் கேட்ட இரண்டு பொருளிலும் இது கூட்டுதான்.

இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தன்னார்வலரோடு ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை அந்த அம்மா எடுத்துக் கவிழ்த்தபோது, நான்கு மாத மாத்திரை அட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் பாயில் விழுந்தன. “சாப்புட்டு என்ன ஆகப்போவுது கண்ணு, யாருக்காக இருக்கோணும்?” என்றார். எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக நான்கு மாதமும் ‘மாத்திரை வழங்கப்பட்டது’ என்றே இருக்கிறது. அந்த நான்கு குறிகளைப் பார்த்த பிறகு என்னால் இதை விட்டுவிட முடியவில்லை.

இரண்டாம் பக்கத்தில் நின்றது ‘நிறுவனத்தின் டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகார எண்’ என்ற கட்டத்தில்.

பவானிக்கரை (செவ்வாய், பிற்பகல் 3.05)

இப்போது விளங்குகிறது. உங்கள் எண்ணத்தில் குறையில்லை. பணம் எந்த நிறுவனத்தின் கணக்குக்கு வரும் என்பதில்தான் சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளி நிறுவனங்களுக்கு நிதி தரும் வெளிநிலை ஆய்வுத் திட்டத்தில் ‘சிறு நிதி’ என்பதே 2 கோடி வரை, மூன்று ஆண்டு வரை போகிறது. உங்கள் 42 லட்சம் அதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். அரசு சாராத நிறுவனமென்றால் டி.எஸ்.ஐ.ஆர். போன்ற அங்கீகாரச் சான்றைக் காட்ட வேண்டும். அந்த அங்கீகாரத்துக்கு இன்று விண்ணப்பித்தாலும் இந்த அழைப்புக்குள் கைக்கு வராது. உங்கள் குழுவிலேயே அரசு மருத்துவக் கல்லூரிக்காரர் இருக்கிறாரே! அவரை முதன்மை ஆய்வாளராக்கி, நீங்கள் இணை ஆய்வாளராகுங்கள். யார் பணியாளரை அமர்த்துவது, யார் தரவை வைத்திருப்பது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது ஆகிய மூன்றையும் இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

களம் ஆரம்ப சுகாதார நிலையமாக இருப்பதால் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கான கடிதத்தை இன்றே அனுப்பிவிடுங்கள்.

திருப்பூர்_கணக்கர் (செவ்வாய், மாலை 5.45)

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. அந்த அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இருந்தால் இங்கிலாந்துப் பேராசிரியரின் பணம் அங்கே வரட்டும். அவர்கள் கல்லூரிக்குப் பகுதியை மாற்றித் தரட்டும். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பொள்ளாச்சி_தொண்டன் (செவ்வாய், இரவு 8.10)

தயவுசெய்து இந்த யோசனையைப் பின்பற்றாதீர்கள். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஒருவர் அதை வேறு எவருக்கும் மாற்றக் கூடாது என்று அச்சட்டத்தின் ஏழாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பெறுபவரும் பதிவு பெற்றவராக இருந்தாலும் கூடாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஒரு தவறான பரிமாற்றத்தால் பதிவே ரத்தானால், அந்த அறக்கட்டளையிடம் ஆலோசனைக்கு வரும் மக்கள் எங்கே போவார்கள்?

திருப்பூர்_கணக்கர் (செவ்வாய், இரவு 8.40)

திருத்தத்துக்கு முந்தைய நடைமுறையைத்தான் சொன்னேன். அதை இப்போதும் செய்யலாம் என்பதுபோல் எழுதியது என் பிழை. ஆனால் ஆலை நிதி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், நிறுவனங்களின் சமூகப் பணி நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு, மூன்று ஆண்டுப் பணி அனுபவம் இருந்தால் போதும்.

பொள்ளாச்சி_தொண்டன் (செவ்வாய், இரவு 9.15)

அந்த வழியிலும் கவனம் தேவை, அண்ணா. ஏழாவது அட்டவணையின் ஒன்பதாவது இனம் மத்திய, மாநில அரசுகள் நிதியளிக்கும் ஆராய்ச்சித் திட்டங்களுக்குத் தரும் பங்களிப்பைப் பேசுகிறது. தனி ஆய்வு அதில் பொருந்தாது. முதல் இனத்தில் மருத்துவ சேவையாக எழுதலாம். அப்போது ஆலை கேட்பது எத்தனை பேருக்குச் சிகிச்சை கிடைத்தது என்ற கணக்கை, ஆய்வுக் கட்டுரையை அல்ல. தம் சொந்தத் தொழிலாளருக்கு மட்டும் பயன்படும் பணியையும் அதில் காட்ட முடியாது. பரிசோதனைக்கு ஆலைப் பணம், ஆய்வுக்கு அரசுப் பணம் என்று பிரித்தால் இரண்டும் நிற்கும்.

தாராபுரம்_ஆலோசகர் (புதன், காலை 7.30)

நிதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் நிதியும் அதில்தான் தங்கியிருக்கிறது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. மாத்திரை கொடுக்க வந்த பெண்ணிடம் ஒரு தாய் ‘ஆமாம்’ என்று சொன்னால், அந்தப் பெண் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்? மொத்த மதிப்பெண் 10-க்குக் கீழே இருந்தாலும் அந்த ஒரு ‘ஆமாம்’ தனியாகக் கவனிக்கப்பட வேண்டும். யாரைத் தொலைபேசியில் அழைப்பது, அன்றே யார் வீட்டுக்குப் போவது, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த நிலையத்துக்கு வருகிறார் என்பதெல்லாம் பெயரோடும் எண்ணோடும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 என்ற எண்ணை ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுப்பது நல்லது. ஆனால் அட்டை மட்டும் போதாது. வாகனச் செலவையும் தன்னார்வலருக்கான பயிற்சியையும் நிதிக் கணக்கில் வெளிப்படையாகச் சேருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 99-ஆம் பிரிவு, ஆய்வில் சேரும் மனநோயாளியின் சுதந்திரமான ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. மாத்திரை தருபவரே ஒப்புதலும் கேட்டால், மறுத்தால் மாத்திரை நின்றுவிடுமோ என்று மக்கள் பயப்படுவார்கள். ஒப்புதலை வேறொருவர் வாங்கட்டும்.

பேரூர்_பேராசிரியர் (புதன், காலை 9.00)

தாராபுரத்துக்காரர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்னும் இரண்டு குறிப்புகள். இங்கிலாந்துப் பேராசிரியர் தொடர்ந்தால், பன்னாட்டுக் கூட்டாய்வு என்ற முறையில் சுகாதார அமைச்சகத்தின் தெரிவுக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த முறை அவரை ஆலோசகராக மட்டும் குறிப்பிடலாமா என்று யோசியுங்கள். அடுத்தது, ‘இதில் புதிதாக என்ன’ என்ற கேள்வி. நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்தவர்களுக்கான கூட்டுச் சிகிச்சையை இந்தியாவில் நான்கு மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளிவந்து, பலன் இருப்பதைக் காட்டியது. அது மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றியது. உங்களுடையது வாசற்படியில் நடப்பது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சிகிச்சை இடைவெளியை, அதாவது சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் பங்கை, நோய்க்குத் தக்கபடி, 70 முதல் 92 சதவீதம் என்று கணித்தது. அந்த இடைவெளி உங்கள் மஞ்சள் பையில் இருக்கிறது. அந்தப் பையை முதல் பத்தியில் எழுதுங்கள் அம்மா. உங்களிடம் கேள்வி இருக்கிறது.

ஊத்துக்குளி_செவிலி (ஒன்பது நாள் கழித்து, இரவு 11.55)

அரசுக் கல்லூரி மருத்துவர் முதன்மை ஆய்வாளராக ஒப்புக்கொண்டார். விண்ணப்பம் இன்று மாலை பதிவேறியது. வாகனச் செலவைச் சேர்த்ததில் தொகை 46 லட்சமாயிற்று. அனைவருக்கும் நன்றி.

நாமக்கல்_இயன்முறை (மூன்று மாதம் கழித்து)

சகோதரி, எனக்கும் இதே நிலை. முதுகுவலியால் அவதிப்படும் லாரி ஓட்டுநர்களின் மனநலம் குறித்த ஆய்வு. பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அனுமதி உங்களுக்கு எத்தனை நாளில் வந்தது? அந்த மூன்று அம்சக் கையெழுத்து ஒப்பந்தத்தின் மாதிரியை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே பகிர முடியுமா?